லென்ஸுக்குள் கரைந்த காயம்

கல்யாண மண்டபத்தின் முன்கூடத்தில், அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து இனியா ஓடி வந்தாள். நான் ஒரு முழங்காலை ஊன்றிக் கேமராவைக் கண்ணில் வைத்திருந்தேன். அவள் ஓடி வர, நான் படம் எடுக்க, அது எங்கள் இருவருக்கும் பழகிப்போன விளையாட்டு. முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் மிச்சமாக வாடிய மல்லிகையும் சாம்பாரும் கலந்த வாசம் கூடத்தை விட்டுப் போகாமல் இருந்தது.

வழக்கமாக நேரே வந்து லென்ஸில் மூக்கை இடிப்பாள். அன்று பாதி வழியில் நின்றுவிட்டாள். இடது கையைத் தூக்கி நெற்றியை மூடிக்கொண்டாள்.

"கைய எடு கண்ணு. தாத்தா போட்டோ எடுக்கணும்ல?"

எடுத்தாள். இடது புருவத்துக்கு மேலே நாவற்பழ நிறத்தில் வீக்கம். நடுவில் கறுப்பு நூலில் இரண்டு தையல். சுற்றிலும் மருந்தின் மஞ்சள் கறை.

எனக்குப் பின்னால் நின்ற என் மகன் சரவணனின் மூச்சு மாறியது கேட்டது. குனிந்து என் காதருகே சொன்னான்.

"எடுங்கப்பா. நெத்தி நல்லாத் தெளிவா விழணும்."

வாசல்படியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார் என் சம்பந்தி.

ஏன் அங்கே இருந்தோம்

மில்லைப் பற்றி எழுதுகிறீர்கள், மழையைப் பற்றி எழுதுகிறீர்கள், பேத்தி என்று வந்தால் மட்டும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறீர்களே என்று என் பதிவுகளைப் படிக்கிற வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். காரணம் இருந்தது. இப்போது எழுதுவதும் என் மருமகளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சரவணனுக்குக் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் வேலை. மருமகள் நித்யா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, டீச்சருக்குப் படித்தவள். கல்யாணமாகி நான்கைந்து வருஷம் வெளியே தெரியாமல் நடந்த சண்டை ஒருநாள் வெளியே தெரிந்தது. நித்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். வத்திராயிருப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டாள். பிறகு இரண்டு வீட்டுக்கும் இரண்டு வக்கீல்கள் வந்தார்கள்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதுவான ஓர் இடத்தில், தகப்பனும் தகப்பனைப் பெற்றவனும் குழந்தையைப் பார்க்கலாம் என்று கோர்ட்டில் சொன்னார்கள். இரண்டு வீட்டாருக்கும் தெரிந்த ஒருவர் தன் மண்டபத்தைக் கொடுத்தார். முகூர்த்த நாளானால் பின்பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். சரவணன் கல்யாணம் நடந்த மண்டபம் இதுவல்ல. அது எங்கள் ராஜபாளையத்தில் இருக்கிறது. அந்த மட்டில் தப்பித்தோம்.

நித்யா வரமாட்டாள். அவளுடைய அப்பாதான் குழந்தையை ஸ்கூட்டரில் கூட்டி வருவார். அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இனியாவுக்கு அவர் 'வண்டித் தாத்தா'. நான் 'போட்டோ தாத்தா'. இரண்டு தாத்தாக்களும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதோடு சரி.

போனில் படம் எடுக்கக் கூடாது என்பது வக்கீல்கள் பேசி வைத்த ஏற்பாடு. ஆரம்பத்தில் சரவணன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா உன்ன அடிக்காளா? தாத்தா திட்டுதாவளா?" என்று கேட்டு வீடியோ எடுத்துவிட்டான். அதிலிருந்து அவன் போனை மண்டபத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

என் கேமராவை மட்டும் சம்பந்தி தடுக்கவில்லை. எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் ஒரு பிரதி அவர்கள் வீட்டுக்கும் போட்டுக் கொடுத்துவிடுவேன். என்னை நம்பினார்கள். அந்த நம்பிக்கையைத்தான் சரவணன் அன்றைக்கு என் காதோரம் கேட்டான்.

காஸ் துணியும் கல்யாணப் பெண்ணும்

அந்த லென்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸ் என்பார்கள். முகத்தைப் படமெடுக்கவென்றே செய்தது. அதன் கழுத்தில் ஒரு வளையம் உண்டு. பூஜ்யத்தில் வைத்தால் மற்ற லென்ஸ்களைப் போலத் தலைமுடி ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி விழும். ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பத் திருப்ப, கண்ணும் இமையும் இருக்கிறபடி இருக்க, முகத்தின் மேல் மட்டும் காய்ச்சின பாலின் ஆவி படிந்தாற்போல ஒரு வெளிச்சம் பரவும். தழும்பு, பரு, சுருக்கம் எல்லாம் அதற்குள் கரைந்துவிடும்.

எனக்கு இந்த லென்ஸின் மேல் ஆசை வந்த வழி வேறு. நான் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். அப்போது ராஜபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் என்னிடம் காஸ் என்கிற சல்லாத் துணியில் கையகலம் கேட்டு வாங்கிப் போவார். புண்ணுக்குக் கட்ட என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் போய்ப் பார்த்தால், அதை லென்ஸின் மேல் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, பெண் பார்க்க அனுப்பும் படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். பெண்ணின் கன்னத்து அம்மைத் தழும்பு அந்தத் துணிக்குப் பின்னால் காணாமல் போயிருந்தது.

ஒருமுறை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு, படத்தில் இருப்பது இந்தப் பெண்தானா என்று கேட்டுவிட்டார்கள். பெண்ணின் அப்பா காபி டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் நேரே ஸ்டுடியோவுக்கு வந்து சண்டை போட்டார். "எம் மகள அழகா எடுன்னுதான சொன்னேன், வேற ஆளா எடுன்னா சொன்னேன்?" ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. அந்தப் பெண் சிரித்திருக்க மாட்டாள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நல்ல கேமராவும், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற இந்த லென்ஸும் வாங்கினேன். என் மனைவி பேத்தியைப் பார்க்காமலே போய்விட்டாள். வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை கேமராதான். இனியா குப்புற விழுந்த காலத்திலிருந்து அவளை இந்த லென்ஸில்தான் எடுக்கிறேன். நித்யா எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த நாளில், தானும் குழந்தையும் இருந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இந்த லென்ஸ்ல நான்கூட கோவமே வராதவ மாதிரி இருக்கேன் மாமா."

"சொல்லக் கூடாது"

மண்டபத்துக்கு வருகிறேன். கைப் பழக்கத்தில் வளையம் மூன்றில் இருந்தது. அப்படியே நான்கைந்து முறை அழுத்திவிட்டேன். சரவணன் கேமராவின் பின்பக்கத்துத் திரையை எட்டிப் பார்த்தான்.

"என்னப்பா இது? காயமே தெரியல. வேணும்னே செய்யுறீங்களா?"

"மெதுவாப் பேசு. புள்ளைக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

நான் இனியாவைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன். "எங்க கண்ணு விழுந்த?"

அவள் வாசல்படியைத் திரும்பிப் பார்த்தாள். சம்பந்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"சொல்லக் கூடாது."

"யாரு சொன்னா?"

"வண்டித் தாத்தா."

அதுவரை எனக்கு மகன்மேல்தான் எரிச்சலாக இருந்தது. விளையாடுகிற பிள்ளை விழத்தான் செய்யும், இதைப் போய்க் கோர்ட்டுக்குத் தூக்குகிறானே என்று. ஆனால் நாலு வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரியவர் ஒன்றைச் சொல்லாதே என்று சொல்லியிருக்கிறார். அது வேறு.

வளையத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். அவளை ஜன்னல் வெளிச்சத்துப் பக்கம் திருப்பி ஒரே ஒரு படம் எடுத்தேன்.

அதற்குள் சரவணன் வாசலுக்குப் போயிருந்தான். "எம் புள்ளைய என்ன செஞ்சீங்க?"

"பார்க்ல சறுக்குல இருந்து விழுந்துட்டா. டாக்டர்ட்ட காட்டித் தையலும் போட்டாச்சு. இதுக்குப் போயி..."

"அப்ப ஏன் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

சரவணன் சம்பந்தியின் சட்டையைப் பிடிக்கிற தூரத்துக்குப் போய்விட்டான். நானும் வாட்ச்மேனும் குறுக்கே விழுந்தோம். இனியா காதைப் பொத்திக்கொண்டு நாற்காலி அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சத்தம் வரும்போது எங்கே போய் உட்கார வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சம்பந்தி அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற வழியெல்லாம் சரவணன் கையை நீட்டிக்கொண்டே வந்தான்.

"கேமரா கார்டக் குடுங்கப்பா. அந்த ஒரு போட்டோ போதும்."

"என்ன நடந்துச்சுன்னு தெரியாம குடுக்க மாட்டேன்."

"நீங்க யாரு பக்கம்?"

அவன் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறினான். நான் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன்.

கன்னத்தில் இருந்த கீறல்கள்

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டுப் பார்த்தேன். முதலில் எடுத்தவற்றில் இனியா கோயில் சித்திரத்துக் குழந்தை மாதிரி இருந்தாள். நெற்றியில் ஏதோ நிழல் விழுந்ததுபோல இருந்ததே தவிர காயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடைசிப் படத்தைத் திறந்தேன். தையல் நூலின் முடிச்சுகூடத் தெரிந்தது. இமையில் ஈரம். பெரிதாக்கிக்கொண்டே போனேன். மண்டபத்தின் அரை வெளிச்சத்தில் என் வயதான கண்ணுக்குத் தப்பிய ஒன்று அதில் இருந்தது. தாடைக்குக் கொஞ்சம் மேலே, மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து. இரண்டு மூன்று இடத்தில் தோலுக்குள் கறுப்புப் பொடி.

சறுக்கில் இருந்து விழுந்தால் மணலில் விழுவார்கள். சைக்கிளிலிருந்து ரோட்டில் விழுந்து இழுபட்ட யாருக்கும் அந்தக் கீறல் தெரியும். எனக்கே முழங்காலில் இருக்கிறது.

சட்டையை மாட்டிக்கொண்டு கேமராவை எடுத்துப் பையில் போட்டேன். மண்டபத்தில் பார்ப்பதைத் தவிர நான் சம்பந்தி வீட்டுப் பக்கம் போகக் கூடாது. வக்கீலுக்குத் தெரிந்தால் எங்கள் பக்கத்துக்கே கெடுதல். பஸ்ஸில் அதை யோசித்துக்கொண்டே போனேன். ஆனால் இறங்கித் திரும்பலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

சாவி

கதவைத் திறந்ததும் சம்பந்தியின் பார்வை என் கையில் காகிதம் ஏதும் இருக்கிறதா என்றுதான் தேடியது.

"நோட்டீஸா?"

"இல்ல. நான் மட்டும்தான் வந்திருக்கேன்."

நித்யா வத்திராயிருப்புக்குப் போயிருந்தாள். இனியா பள்ளிக்கூடத்தில். வீட்டில் அவர் ஒருவர்தான். உட்காரச் சொல்லவில்லை. நானாக உட்கார்ந்து, கேமராவை எடுத்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவரிடம் நீட்டினேன்.

"இது சறுக்குல விழுந்த காயம் இல்ல சம்பந்தி."

வெகுநேரம் பார்த்தார். பிறகு கேமராவை என்னிடமே நீட்டினார். சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"முப்பது வருசம் பஸ் ஓட்டுனேன். ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல."

பக்கத்தில் போய் நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"சுகர் மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிட மறந்துட்டேன். சாயங்காலம் கண்மாய்க் கரை ரோட்டுல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவேன், அவளுக்கு அது பிடிக்கும். முன்னால நின்னுக்கிட்டு வந்தா. திடீர்னு கண்ணு இருட்டிருச்சு. முழிச்சுப் பாத்தா வண்டி ஒரு பக்கம் கெடக்கு, புள்ள ஒரு பக்கம் கெடக்கா. பின்னால வந்த பால்காரர்தான் ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு."

"நித்யாவுக்கு?"

"சறுக்குன்னுதான் சொல்லியிருக்கேன். தெரிஞ்சா புள்ளைய எங்கிட்ட விடுவாளா? ஒங்க மகன் கோர்ட்ல சொல்லித் தூக்கிட்டுப் போயிர மாட்டானா?"

எனக்கு வேறொன்று உறுத்தியது. "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதுல கொண்டுபோய் விட்டீய?"

"வண்டியிலதான்."

"சம்பந்தி..."

"இப்பல்லாம் துண்டப் போட்டு என் இடுப்போட சேத்துக் கட்டிக்கிடுதேன். விழ மாட்டா."

அவர் அதை எனக்குத் தைரியம் சொல்வதுபோலச் சொன்னார். அவர் சாய்ந்தால் அவளும் சேர்ந்துதான் சாய்வாள் என்பது அந்த மனிதருக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தேன். தோன்றியிருக்கும். அவர் கண்ணைப் பார்த்தபோது தெரிந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். எல்.கே.ஜி. மதியத்தோடு விட்டுவிடுவார்கள். ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். நான் வாசலில் போய் நின்றேன்.

"ஆட்டோவுல போவோம்."

"வழிய விடுங்க."

"விட மாட்டேன்."

"எம் வீட்டுல வந்து எனக்குச் சொல்ல நீங்க யாரு?"

"அவளுக்கு நானும் தாத்தா."

தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். என்னைவிட நல்ல உயரம், ஸ்டியரிங் பிடித்த கை. ஒரு கையை என் தோளில் வைக்கவும் வைத்தார். தள்ளவில்லை. அந்தக் கை அப்படியே கனத்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, தெருமுனை ஆட்டோக்காரரைப் போன் போட்டு அவரே கூப்பிட்டார். பள்ளிக்கூட வாசலில் நான் ஆட்டோவைவிட்டு இறங்கவில்லை. இனியா என்னைக் கண்டதும், "போட்டோ தாத்தா! இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

நித்யா வந்தாள்

சாயங்காலம் வத்திராயிருப்பு பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் பையோடு உள்ளே நுழைந்தவள் என்னைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றாள்.

"கேஸ் நடக்கையில நீங்க இங்க வரலாமா மாமா? ஒங்க மகன் அனுப்புனாவளா?"

"அவனுக்குத் தெரியாதும்மா."

"பொறவு எதுக்கு வந்தீய?"

நான் சொல்லியிருந்தால் அது கோள் சொன்னது மாதிரி ஆகியிருக்கும். சம்பந்தியைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மகளின் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பால்காரரைக்கூட விடவில்லை. துண்டால் கட்டியதையும் சொன்னார்.

நித்யா தோள் பையை இறக்கவே இல்லை. அவர் முடித்ததும் கேட்டாள்: "ஒங்களுக்கு அடி படலியாப்பா?"

வேட்டியை ஒதுக்கி முழங்காலைக் காட்டினார். ஆஸ்பத்திரியில்கூட யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த காயம் காயாமல் பழுத்திருந்தது. அவள் உள்ளே போய் மருந்தை எடுத்து வந்து, கீழே உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அந்தப் போட்டோவ அவியகிட்ட குடுத்துட்டீயளா?"

"இல்ல. ஆனா நடந்தத அவன்கிட்ட மறைக்கவும் மாட்டேன்மா. பெத்தவன்."

அவள் வலது கையை விரித்து என் பக்கம் நீட்டினாள். ஆள்காட்டி விரல் நகம் பாதி இல்லை. இருந்த பாதியும் கோணலாக வளர்ந்திருந்தது.

"இது எப்படிப் போச்சுன்னு ஒங்க மகன்ட்ட கேளுங்க. ஓங்கிக் கதவச் சாத்துனாவ. நான் பின்னால வந்தது தெரியாதுன்னாவ. தெரியாமத்தான் இருக்கும். நான் இதப் போட்டோ எடுத்து எந்த வக்கீல்கிட்டயும் குடுக்கல மாமா."

எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அவள் சமையல் செய்த கையில் எத்தனை வேளை சாப்பிட்டிருக்கிறேன்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "நீங்க எதுவும் சொல்லாண்டாம். அடுத்த ஞாயித்துக்கெழமை நானே வந்து சொல்லுதேன்."

அந்தப் படத்தைப் பிரிண்ட் போடச் சொல்லி அவளே கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இடைப்பட்ட நாட்கள்

சரவணன் தினமும் போன் செய்தான். வக்கீல் கேட்கிறார், நாள் நெருங்குகிறது, இந்த ஒரு படத்தில் கேஸ் நம் பக்கம் திரும்பிவிடும் என்றான். ஞாயிற்றுக்கிழமை வா, பேசிக்கொள்வோம் என்பதையே நானும் தினமும் சொன்னேன். ஒருநாள், "ஒங்களுக்குப் பேத்தி வேண்டாம்னா சொல்லிருங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

அவன் தப்பே சொன்னான் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மஞ்சள் கறையையும் கறுப்பு நூலையும் முதலில் பார்த்தபோது அவன் விட்ட மூச்சு நடிப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்தான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனிடம் கேட்டேன்.

"ஏலே, நித்யா விரல் நெகம் எப்படிலே போச்சு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இறங்குகிறவரை திரும்பவே இல்லை. கார்டைக் கொடு என்றும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

வழக்கு இன்னும் முடியவில்லை. அவர்கள் சேர்ந்து வாழப் போகிறார்களா என்றால் எனக்குத் தெரியாது. கேட்பதும் இல்லை. அந்தப் படம் கோர்ட்டுக்குப் போகவில்லை என்பது மட்டும் தெரியும். அந்தக் காலைப்பொழுதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

மண்டபத்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நித்யா இறங்கியதைப் பார்த்ததும் சரவணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இருவரும் கோர்ட்டுக்கு வெளியே நேருக்கு நேர் நிற்கிறார்கள். வெயில் சுள்ளென்று இறங்கிக்கொண்டிருந்தது. சம்பந்தி வாசல் கேட்டுக்கு வெளியிலேயே, ஆட்டோவின் பக்கத்தில் நின்றுவிட்டார்.

நித்யா பையிலிருந்து அந்தப் பிரிண்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒவ்வொன்றாக, தன் அப்பாவின் தப்பைக் கொஞ்சமும் குறைக்காமல் சொன்னாள். இனியா அதற்குள் என் நாற்காலிக்கு வந்துவிட்டாள். அவள் விரல் என் விரலுக்குள் இருந்தது.

சரவணனின் கழுத்து நரம்பு புடைத்தது. "இம்புட்டு நாளும் மறைச்சிருக்காரு. இத நான் கோர்ட்ல சொன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"சொல்லுங்க. போட்டோவத்தான் கையில குடுத்துட்டேனே. அப்பா இனிமே வண்டியத் தொட மாட்டாவ. ஆட்டோக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. ஒங்ககிட்ட மறைச்சு வச்சு இவள வளக்கணும்னு எனக்கில்ல."

அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். தையல் மேல் கட்டைவிரலை வைத்தான். அடுத்து என்ன வெடிக்கப் போகிறதோ என்று வாட்ச்மேன் ஸ்டூலைவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"தையல் போடும்போது அழுதாளா?" என்று கேட்டான் சரவணன்.

"எனக்குத் தெரியாது. வத்திராயிருப்புல இருந்து நான் வாரதுக்குள்ள போட்டு முடிச்சாச்சு. அப்பாதான் மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டு இருந்தாவ."

சரவணன் தலையைத் தூக்கி வாசல் கேட் பக்கம் பார்த்தான். பிறகு நடந்தான். நான் பதறி எழுந்தேன். நித்யா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

தன்னை நோக்கி அவன் வருவதைச் சம்பந்தி பார்த்துக்கொண்டே இருந்தார். நகரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்று நிற்கிற மாதிரி இருந்தது. சரவணன் அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"காலையில சாப்ட்டீங்களா மாமா?"

அவர் தலையை அசைத்தார். ஆமாவா, இல்லையா என்று நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

"வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க" என்றான் சரவணன்.